திரும்பி வரும் சரக்கும் திரும்பாத பல்பும்



பலசரக்கு வியாபாரத்தில் திரும்பிப் போகும் பொருள் என்பது நமக்குப் புதிதல்ல. சர்க்கரை வந்த சாக்கு திரும்பிப் போனது. எண்ணெய் வந்த 15 கிலோ டின், கழுவி வாய் அடைத்து மறுபடியும் எண்ணெய்க்குப் போனது. சோடா பாட்டில் பெட்டியோடு திரும்பியது; ஒன்று குறைந்தால் கணக்கப்பிள்ளை அதைப் பற்று எழுதினார். வாடிக்கையாளர்கள் எல்லோரும் பொறுப்பு மிகுந்தவர்கள் என்பதால் இவை திரும்பவில்லை. திரும்பி வரும் விதமாக அவை செய்யப்பட்டிருந்தன. சாக்கின் வாயைத் தைத்த சணலைப் பாருங்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் முழுத் தையலும் பிரிந்து வரும். சாக்கும் கிழியாது, சணலும் வீணாகாது. தைத்தவன் அவிழ்ப்பவனையும் நினைத்துத் தைத்திருக்கிறான்.

அதே கடையில் மெழுகுவத்தி, டார்ச் செல் ஆகியவற்றோடு பல்பும் விற்கிறோம். அது மட்டும் ஏன் திரும்புவதில்லை, திரும்பினாலும் ஏன் ஒருவரும் வாங்குவதில்லை என்பதை நாங்கள் இத்தனை ஆண்டுகள் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவர் எங்கள் பழைய இரும்புக் கடைக்காரர்.

கிடங்கை வெள்ளையடிப்பதற்காக ஒழித்தோம். பின்பக்கத்து மூலையில் பல காலத்துச் சரக்கு வெளியே வந்தது. ஃபியூஸ் போன குண்டு பல்புகள் ஒரு பெட்டி, கயிற்றால் கட்டிய டியூப் லைட்டுகள், பழைய சோக்குகள், சி.எஃப்.எல். விளக்குகள், கியாரண்டிக்குத் திரும்பி வந்து கம்பெனியும் எடுத்துக்கொள்ளாமல் நின்றுபோன எல்.இ.டி. பல்புகள். பல வருடப் பழக்கமுள்ள இரும்புக் கடைக்காரரை வரச் சொன்னோம். அவர் தராசோடு வந்து உட்கார்ந்தார். சோக்கைக் கையில் தூக்கிப் பார்த்ததும் விலை சொன்னார். தகட்டுப் பிரேமை இரும்போடு போட்டார். டியூப்பைத் தொடவில்லை. சி.எஃப்.எல்.லைக் காலால் ஒதுக்கினார். எல்.இ.டி. பல்பு ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல அலுமினியம் இருக்கு, பிளாஸ்டிக் இருக்கு, போர்டு இருக்கு. எல்லாம் ஒட்டிக் கிடக்கு அண்ணாச்சி. உடைக்கிற கூலிக்குக் காணாது" என்றார்.

எந்த வீட்டு விளக்கு மறுசுழற்சிக்குப் போகும், எது போகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நாங்கள் படித்ததில்லை. பொருளில் என்ன இருக்கிறது என்பது பாதி விஷயம். இருப்பதைப் பிரித்தெடுக்க எவ்வளவு கூலி ஆகும் என்பதே மீதி. அந்தக் கூலியை முடிவு செய்பவர் இரும்புக் கடைக்காரர் அல்ல, தொழிற்சாலையில் படம் போட்டு வடிவமைத்தவர். ஒவ்வொரு விளக்காக எடுத்துப் பார்ப்போம்.

குண்டு பல்பு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிக் கூடு, உள்ளே டங்ஸ்டன் இழை, அதைத் தாங்கும் கம்பிகள், கீழே இரண்டு பின் வைத்த மூடி. மூடி பித்தளையாக இருந்த காலத்தில் அதைத் தட்டி எடுத்துக்கொள்ள ஆள் இருந்தது. அலுமினியம் ஆனபின் அந்த ஆசையும் போயிற்று. கண்ணாடியைப் பாட்டில் கண்ணாடியோடு உருக்கலாமே என்று தோன்றும். ஆனால் கம்பியைத் தாங்கும் உள்தண்டுக்குப் பழைய பல்புகளில் ஈயம் கலந்த வேறு கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். கம்பியும் கண்ணாடிக்குள் உருக்கிப் பதிக்கப்பட்டிருக்கும். மூடி ஒரு பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ஆகவே பாட்டில் கண்ணாடி வாங்குபவர் இதைச் சேர்க்க மாட்டார். ஆனாலும் பாதரசம் கிடையாது. குப்பையில் போனால் கண்ணாடி குத்தும் என்பதற்கு மேல் பெரிய கெடுதல் இல்லை. இதன் குற்றம் எரியும்போது செய்ததுதான். தின்ற மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதியைச் சூடாகவே வீணாக்கியது.

டியூப் லைட்

நம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் வந்த விளக்குகளில் அமைப்பு வகையில் மிகவும் உத்தமமானது எது என்று கேட்டால், பழைய டியூப் லைட் செட்டைத்தான் நாங்கள் சொல்வோம். பிரேம் தனி, சோக்கு தனி, ஸ்டார்ட்டர் தனி, டியூப் தனி. ஸ்டார்ட்டர் போனால் ஸ்டார்ட்டரை மட்டும் திருகி எடுத்து மாற்றினோம். ஸ்டூலில் ஏறத் தெரிந்த எவரும் அதைச் செய்தார்கள். டியூப் கருத்தால் டியூப் மட்டும். சோக்கு பல வருடம் உழைத்தது. கடைசியில் அது போகும்போதும் உள்ளே இருந்த தாமிரச் சுற்றும் இரும்புத் தகடுகளும் விலை பெற்றன. காப்பர் சோக்கா, அலுமினியம் சோக்கா என்று கேட்டு வாங்கிய வாடிக்கையாளர்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வித்தியாசம் வாங்கும்போது மட்டுமல்ல, விற்கும்போதும் தெரிந்தது.

இந்த உத்தமனுக்குள் ஒரு குறை உண்டு. அது பாதரசம். டியூப்பில் பாதரச ஆவி இல்லாமல் வெளிச்சம் கிடையாது. மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி புற ஊதாக் கதிரை வெளியிடுகிறது. கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாற்றுகிறது. 1980களில் வெளிவந்த தடித்த 4 அடிக் குழல்களில் 40 மில்லிகிராம் அளவுக்கும் பாதரசம் இருந்ததுண்டு. ஒரு சொட்டாக ஊற்றியதால் குறைவாக அளந்து போட முடியவில்லை என்பது ஒரு காரணம். கண்ணாடியும் பொடியும் நாளடைவில் பாதரசத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் கூடுதலாகவே விட்டார்கள் என்பது மற்றொன்று. பின்னாளில் பாதரசத்தை வேறு உலோகத்தோடு சேர்த்துச் சின்ன உருண்டையாக அளந்து வைக்கவும், கண்ணாடிக்கு உள்ளே ஒரு காப்புப் பூச்சுக் கொடுக்கவும் தெரிந்துகொண்டார்கள். பாதரசத்தின் அளவு பல மடங்கு குறைந்தது. விற்கும் நமக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. அட்டைப் பெட்டி அதே பெட்டிதான். வடிவமைப்பு என்றால் வெளி அழகு என்று நினைக்கிறோம். உள்ளே வைத்த உருண்டையும் வடிவமைப்புத்தான்.

இந்த இடத்தில் எங்கள் கிடங்கில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஃபியூஸ் போன டியூப்கள் இடத்தை அடைத்தன. நீளமான சாமான், சாய்த்து வைத்தால் விழுந்து உடையும். எனவே நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். டியூப்களை ஒரு சாக்குக்குள் செருகி, சாக்கின் வாயைக் கட்டி, மேலே கட்டையால் அடித்து நொறுக்கிக் குப்பை வண்டியில் ஏற்றினோம். பதினைந்து வருடத்துக்கு மேல் இதைச் செய்தோம். அடிக்கும் வேலை எப்போதும் கடைசியாகச் சேர்ந்த பையனுக்கே விழும். மூடிய கிடங்கு, மேலே ஒரு சின்ன ஜன்னல். வெள்ளைப் பொடி அவன் தலையில் படிந்திருக்கும். "மாவு மில்லுலயா வேல பாக்குற?" என்று எல்லோரும் கேலி செய்வோம். கேலி செய்தவர்களில் நாங்களும் உண்டு. பாதரச ஆவி மூச்சு வழியாக உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததுதான். ஆனால் அந்த வேலையைச் செய்த பையன்கள் யார் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தபோது நாலைந்து பேருக்கு மேல் நினைவுக்கு வரவில்லை. மற்றவர்களை எங்கே போய் விசாரிப்பது?

கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டதைப் பலரும் அறிவீர்கள். விஷயம் வெளியே வந்தது எப்படி? பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய பொருள் கடையில் டன் கணக்கில் கிடந்ததிலிருந்துதான். கண்ணாடி என்று நினைத்து வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒரு டியூப்பில் இருப்பது மில்லிகிராம்தான். அதையும் இதையும் சமமாகப் பேசக் கூடாது. ஆனால் இரண்டிலும் தெரியாமல் கை வைத்தவர்கள் ஒரே தரப்புக் கூலிக்காரர்கள்.

சரியான ஆலைக்குப் போனால் நேர் குழலை மறுசுழற்சி செய்வது எளிது. அதற்கும் காரணம் அமைப்பே. எல்லாக் கம்பெனியும் ஒரே நீளம், 38 அல்லது 26 மில்லிமீட்டர் என்று ஒரே பருமன். ஆகவே இயந்திரம் இரண்டு முனைகளையும் அறுத்து, உள்ளே காற்றை ஊதிப் பொடியைத் தனியே தள்ளிவிடும். கண்ணாடி தனி, அலுமினிய முனைகள் தனி, பாதரசப் பொடி தனி. பொடியைச் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கிக் குளிர வைத்துப் பிடிக்கலாம். அளவு ஒன்றாக இருப்பது வாங்குபவருக்கு வசதி என்று மட்டும் நினைத்திருந்தோம். உடைப்பவருக்கும் அதுதான் வசதி.

சி.எஃப்.எல்.

டியூப்பில் நாலாகப் பிரிந்திருந்ததை ஒன்றாகச் சேர்த்து, சுருட்டி, குண்டு பல்பின் ஹோல்டரிலேயே மாட்டும்படி செய்ததுதான் சி.எஃப்.எல். மத்திய அரசு 2009இல் கொண்டுவந்த திட்டத்தில், எரிகிற குண்டு பல்பைக் கொடுத்துவிட்டு 15 ரூபாய்க்கு ஒரு சி.எஃப்.எல். வாங்கலாம் என்று வந்தது. மின்சாரம் மிச்சமானது உண்மை. ஆனால் அமைப்பைப் பாருங்கள். மேலே கண்ணாடிக் குழல், கீழே பிளாஸ்டிக் கூட்டுக்குள் எலக்ட்ரானிக் சோக்கு, இரண்டும் சேர்த்து ஒட்டியது. ஒரு சின்னக் கண்டென்சர் போனால் நல்ல குழலும் குப்பைக்குப் போகும். குழல் கருத்தால் நல்ல போர்டும் குப்பைக்குப் போகும். குழல் சுருள் சுருளாக இருப்பதால் முனையை அறுத்து ஊதும் இயந்திரத்துக்கும் ஒத்துவராது. காற்று வெளியேறாத மூடிய இயந்திரத்தில் மொத்தமாக நொறுக்கி, பிறகு சலித்துத்தான் பிரிக்க வேண்டும். கண்ணாடியோடு பிளாஸ்டிக்கும் போர்டும் கலந்து வரும். பாதரசம் 5 மில்லிகிராம், அதற்கும் குறைவு என்றாலும், அதை எடுக்க ஆகும் சிரமம் டியூப்பைவிட அதிகம்.

இதில் கம்பெனியை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. குழல் தனியாகவும் சோக்கு தனியாகவும் இருந்த, பின் வைத்த சி.எஃப்.எல். விளக்கும் மார்க்கெட்டில் இருந்தது. குழல் போனால் அதை மட்டும் பிடுங்கி மாற்றலாம். அந்தச் சரக்கை நாங்களும் இரண்டு பெட்டி எடுத்தோம். "அதுக்குத் தனி ஹோல்டர் வாங்கணுமா? இருக்கிற ஹோல்டர்ல மாட்டுறதாக் குடுங்க" என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு எடுத்துச் சொல்லி விற்க நாங்கள் மெனக்கெடவில்லை. இரண்டு பெட்டியும் திரும்பிப் போயின. எது ஓடுகிறதோ அதையே கம்பெனி செய்யும். எது ஓடும் என்பதில் நம் கல்லாவுக்கும் பங்கு உண்டு.

எல்.இ.டி.

இனி இன்றைய சரக்குக்கு வருவோம். 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் தொடங்கியது. 36 கோடிக்கு மேல் எல்.இ.டி. பல்புகள் அந்தத் திட்டத்தில் மட்டும் நாட்டு மக்களிடம் போயிருக்கின்றன. 2014இல் அரசு கொள்முதல் விலை ஒரு பல்புக்கு 310 ரூபாய். சில ஆண்டுகளுக்குள் 40 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. 60 வாட் குண்டு பல்பு கொடுத்த வெளிச்சத்தை 7, 9 வாட்டில் கொடுக்கும் சாமான் இந்த விலைக்கு வந்தது சாதாரண விஷயமல்ல. பாதரசமும் இதில் கிடையாது. இதைக் குறை சொல்லிக் குண்டு பல்புக்குத் திரும்பச் சொல்பவர்கள் நாங்கள் அல்ல.

ஆனால் விலை இறங்கியபோது கூடவே இறங்கியது என்ன? ஆரம்பத்தில் வந்த எல்.இ.டி. பல்பு கையில் கனத்தது. சூட்டை வெளியேற்ற வெளிப்புறம் முழுதும் வரிவரியாக அலுமினியம் வைத்து, சிலவற்றில் ஸ்குரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். இன்றைக்கு வெளியே பிளாஸ்டிக், உள்ளே மெல்லிய அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றோடொன்று இறுகப் பிடித்தது. மேலே பால் வெள்ளை மூடி சிலிக்கோன் பசையால் ஒட்டியது. கீழே உலோக மூடி சுற்றிலும் குத்தி இறுக்கியது. ஷாக் அடிக்காமல் இருக்க இந்த அமைப்பு நல்லதுதான். அலுமினியத்தைக் கை தொடாது. பாதுகாப்புக்குச் செய்ததையும் காசு மிச்சத்துக்குச் செய்ததையும் வெளியே இருந்து பார்த்துப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

நாங்கள் கடை மேசையில் ஒன்றைத் திறந்து பார்த்தோம். (வாசகர்கள் செய்தால் ஹோல்டரிலிருந்து கழற்றிய பல்பில் செய்யுங்கள், திறந்த பல்பை மறுபடி மாட்டிப் பார்க்காதீர்கள்.) வெள்ளை மூடியைக் கத்தி விட்டு நெம்பினால் வந்துவிடுகிறது. உள்ளே வட்டமான அலுமினியத் தகட்டில் மஞ்சள் பொட்டுகளாகப் பத்துப் பன்னிரண்டு எல்.இ.டி. பதித்திருக்கிறது. கியாரண்டிக்கு வந்த பல்புகள் பலவற்றில் ஒரே ஒரு பொட்டு மட்டும் நடுவில் கறுத்திருந்தது. அவை மாலையில் பூக்கோர்த்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டவை. ஒன்று அறுந்தால் மாலையே போயிற்று. மீதிப் பொட்டுகள் நன்றாக இருந்தும் பல்பு எரியாது. வேறு சிலவற்றில் பொட்டெல்லாம் சரி, சூட்டினால் டிரைவரில் உள்ள கண்டென்சர் உப்பியிருந்தது. சின்னக் கூட்டுக்குள் அதிக வாட்டைத் திணித்து, சூடு போக அலுமினியத்தைக் குறைத்தால் முதலில் போவது அந்தக் கண்டென்சர்தான். எல்.இ.டி. 25,000 மணி நேரம் எரியும் என்று பெட்டியில் போட்டிருப்பது பொய் அல்ல. பக்கத்தில் இருப்பதெல்லாம் அத்தனை நாள் தாங்க வேண்டுமே.

வீதியோரத்தில் மேசை போட்டு எல்.இ.டி. பல்பு ரிப்பேர் செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தகட்டை மாற்றிக் கொடுக்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் தகடு, டிரைவர், கூடு எல்லாம் உதிரியாகக் கிடைக்கிறது. ஒட்டினதையும் நெம்பி எடுக்கும் கைகள் நம் நாட்டில் இருப்பதால்தான் இந்த அளவுக்காவது நடக்கிறது. ஆனால் புதுப் பல்பின் விலை இறங்க இறங்க ரிப்பேர்க்காரரின் கூலிக்கு இடம் சுருங்குகிறது. இப்போது டிரைவரையும் பொட்டுகளையும் ஒரே தகட்டில் வைத்துவிடும் முறை பரவியிருக்கிறது. மாற்றுவது சுலபம், ஆனால் எது போனாலும் தகடு முழுவதும் போகும்.

அதே எல்.இ.டி.யை வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு நம் கடைகளிலேயே சாட்சி இருக்கிறது. சீலிங்கில் பதிக்கும் பேனல் லைட்டைப் பாருங்கள். அதன் டிரைவர் வெளியே தனிப்பெட்டியாக, ஒரு ஜாக்கில் செருகும்படி வருகிறது. லைட் எரியவில்லை என்று வருபவருக்கு எலக்ட்ரிக்கல் கடைக்காரர் டிரைவரை மட்டும் கொடுத்து அனுப்புகிறார். போனது இத்தனூண்டு பெட்டி. தப்பியது முழு லைட். டியூப் விஷயத்திலும் இரண்டு வழி உண்டு. பழைய பிரேமிலேயே சோக்கையும் ஸ்டார்ட்டரையும் நீக்கி, எலக்ட்ரீஷியனை வைத்து ஒயரை மாற்றி எல்.இ.டி. டியூப்பை மாட்டலாம், போனால் டியூப் மட்டும் போகும். பேட்டன் என்று வரும் ஒரே துண்டுச் சாமானில் பெரும்பாலும் எது போனாலும் நாலடி நீளம் முழுதும் குப்பை.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். கரண்ட் போனாலும் எரியும் இன்வெர்ட்டர் பல்பு நன்றாக விற்கிறது. அதற்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறது. வெளியே பார்த்தால் சாதாரண பல்பு மாதிரியே இருக்கும். அதைத் தெரியாமல் சுத்தியால் உடைத்தாலோ, பழைய பொருட்களோடு அழுத்தினாலோ தீப்பிடிக்கும். கழற்ற ஒரு மூடியும் இரண்டு ஸ்குரூவும் வைத்திருந்தால் பேட்டரியைத் தனியே எடுத்துவிடலாம். பல மாடல்களில் அது இல்லை.

எல்.இ.டி.யை உடைத்து என்ன எடுக்கலாம்? அலுமினியம், கொஞ்சம் தாமிரம், பிளாஸ்டிக். பழைய டியூப்பின் வெள்ளைப் பொடியில் இட்ரியம், யூரோப்பியம், டெர்பியம் என்ற அரிய மண் தனிமங்கள் கணிசமாக இருந்தன. பிரான்சில் சால்வே நிறுவனம் விளக்குப் பொடியிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்கும் வேலையை 2012இல் தொடங்கியது. கட்டுப்படியாகாமல் 2016இல் நிறுத்திவிட்டது. அந்தத் தனிமங்களின் விலை சரிந்ததும், எல்.இ.டி. வந்ததும் காரணம். எல்.இ.டி.யில் அந்தப் பொடி ஒரு பொட்டு அளவே. சரக்கைச் சிக்கனமாகச் செய்தால் திரும்ப எடுக்கக் கிடைப்பதும் சிக்கனமாகிவிடுகிறது. அப்படிப்பட்ட சாமான் நீண்ட நாள் உழைத்தாக வேண்டும்; இல்லையென்றால் சிக்கனத்தில் பாதி வெறும் கணக்கு.

சட்டம் என்ன சொல்கிறது

2016ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் பாதரச விளக்குகளை முதல் முறையாக உள்ளே கொண்டுவந்தன. அதே ஆண்டின் திடக்கழிவு விதிகள், சி.எஃப்.எல்., டியூப் லைட் இரண்டையும் வீட்டு அபாயக் கழிவு என்று பெயர் சொல்லியே பிரித்தன. 2022இல் புதிதாக வந்த மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. செய்பவரே மறுசுழற்சிக்குப் பொறுப்பு என்பதே இவற்றின் சாரம்.

மினமாட்டா என்ற ஜப்பானிய ஊரின் பெயரால் 2013இல் ஓர் உலக உடன்படிக்கை கையெழுத்தானது. ஆலைக் கழிவில் கலந்த பாதரசம் மீன் வழியாக மக்களை முடக்கிய ஊர் அது. இந்தியா 2018இல் அந்த உடன்படிக்கையை ஏற்றது. உறுப்பு நாடுகளின் 2022 கூட்டம், 30 வாட் வரையிலான, சோக்கு சேர்ந்த சி.எஃப்.எல். உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2025ஐக் கடைசி ஆண்டாகக் குறித்தது. 2023 கூட்டம் நேர் குழல்களுக்கு 2027ஐ எல்லையாக வைத்தது. நல்லது. ஆனால் வியாபாரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் வீடுகளில் மாட்டியிருப்பது வருடக்கணக்கில் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும். சரக்குச் செய்தவர் தொழிலை மாற்றிக்கொண்டு போன பிறகு வரும் ரிட்டன் அது. வாடிக்கையாளர் அதைக் கொண்டுவந்து நீட்டப்போவது நம் கடை வாசலில்தான்.

ஐரோப்பிய நாடுகளில் 2021 செப்டம்பர் முதல், விளக்குச் சாதனங்களுக்குள் இருக்கும் எல்.இ.டி.யையும் டிரைவரையும் சாதாரணக் கருவிகளால், சாதனம் சேதமாகாமல் கழற்றி மாற்ற வரவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். தொழில்நுட்பக் காரணம் காட்டினால் விலக்கு உண்டு. பல்பையே திறக்கும்படி செய்ய வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. அந்த வகையில் அரைக்கிணறுதான். ஆனாலும் படம் போடும் இடத்திலேயே கையை வைத்திருக்கிறார்கள் என்பது முக்கியம்.

கடையில் செய்யக்கூடியது

எங்கள் கடையில் இப்போது டியூப்பையும் சி.எஃப்.எல்.லையும் யாரும் உடைப்பதில்லை. புது டியூப் வந்த அட்டைப் பெட்டியையே வைத்துக்கொண்டு, பழையதை அதிலே நிறுத்தி, கயிறு போட்டுக் கட்டுகிறோம். சேர்ந்தவுடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போகிறது. தனிக் கடையாகக் கொடுத்தால் வண்டி வாடகை கட்டாது. அதனால் வீதியில் ஏழெட்டுக் கடைகள் சேர்ந்து கொடுக்கிறோம். சங்கம் முன்வந்து வட்டாரத்துக்கு ஓர் இடம் ஒதுக்கினால் இன்னும் சுலபம். இதைப் பொதுக்குழுவில் எழுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

தவறி உடைந்துவிட்டால்: மின்விசிறியை நிறுத்தி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். பிறகு விளக்குமாறு போடாமல், கெட்டி அட்டையால் வழித்து, ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, மூடி உள்ள ஜாடியில் போட்டு மூட வேண்டும். விளக்குமாறு பொடியை ஊர் முழுக்கப் பரப்பிவிடும்.

எல்.இ.டி. விஷயத்தில், கியாரண்டி மாற்றுப் பல்பை எந்த முறையில், எத்தனை நாளில் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய் வார்த்தையை நம்பி எங்கள் கிடங்கு மூலை நிறைந்தது. டிரைவர் தனியாகக் கிடைக்கும் மாடலா என்று கேளுங்கள். ஸ்குரூவா, பசையா என்று பாருங்கள். அரிசியைக் கையில் அள்ளிக் கடித்துப் பார்க்காமல் மூட்டை இறக்குவோமா? பல்பை மட்டும் பெட்டியின் படத்தைப் பார்த்து இறக்குகிறோம்.

போன மாதம் ஒரு கம்பெனிப் பிரதிநிதி புது பேட்டன் மாடலோடு வந்தார். சின்ன வயதுப் பையன், மரியாதையாகப் பேசினார். மேசை டிராயரிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து அவர் முன் வைத்து, "தம்பி, இத ஒரு தடவ கழட்டிக் காட்டுங்க" என்றோம். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். முனையில் இருந்த மூடியை அமுக்கிப் பார்த்தார். "இது கழட்டுற மாதிரி இல்லீங்க அண்ணாச்சி, போனா புதுசு மாத்திக்க வேண்டியதுதான்" என்றார். போனதை யார் எடுத்துக்கொள்வது என்று கேட்டோம். ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்று குறித்துக்கொண்டு போயிருக்கிறார். அந்த மாடலுக்கு ஆர்டர் கொடுக்கவில்லை. டிரைவர் தனியாக உள்ள பேனல் லைட்டுக்கும், பழைய பிரேமில் மாட்டும் எல்.இ.டி. டியூப்புக்கும் கொடுத்திருக்கிறோம்.